குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள்

குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் என்பவை பனியின் மீதும் பனிக்கட்டியின் மீதும் ஆடப்படும் விளையாட்டுகளுக்காக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்படும் பன்னாட்டு விளையாட்டு விழாவாகும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு இதனை நிர்வகிக்கின்றது. முதலாவது போட்டிகள் 1924 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் சாமொனி நகரில் நடைபெற்றன. அப்போது 16 நாடுகள் கலந்துகொண்டன. 2022 ஆம் ஆண்டில் சீனாவின் பெய்ஜிங் நகரில் நடைபெற்ற இருபத்து நான்காவது போட்டிகளில் 91 நாடுகளின் அணிகள் பங்கேற்றன.

தொடக்கத்தில் இப்போட்டிகள் கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறும் அதே ஆண்டிலேயே நடத்தப்பட்டன. 1994 முதல் இரண்டும் பிரிக்கப்பட்டு, இரண்டு ஆண்டு இடைவெளியில் மாறி மாறி நடைபெற்று வருகின்றன. பனி பொழியும் மலைகளும், பெருங்கூட்டத்தைத் தாங்கக்கூடிய நகரமும் அருகருகே அமைந்திருக்க வேண்டும் என்பதால், இவற்றை நடத்தும் தகுதியுடைய இடங்கள் உலகில் மிகச் சிலவே. 1924 முதல் 2022 வரை 13 நாடுகள் மட்டுமே இப்போட்டிகளை நடத்தியுள்ளன. அவை யாவும் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களைச் சேர்ந்தவை. தென்னரைக்கோளத்தில் குளிர்கால ஒலிம்பிக் ஒருமுறைகூட நடைபெற்றதில்லை.

விளையாட்டுகள்

ஒலிம்பிக் சாசனத்தின்படி, பனியிலோ பனிக்கட்டியிலோ ஆடப்படும் விளையாட்டுகள் மட்டுமே குளிர்கால விளையாட்டுகளாகக் கருதப்படுகின்றன. இவற்றை மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

பனிமலைகளில் நடைபெறுவன: மலைச்சரிவில் விரைந்து இறங்கும் ஆல்ப்பைன் பனிச்சறுக்கு, சமவெளியிலும் மேடுபள்ளங்களிலும் நெடுந்தொலைவு செல்லும் நாட்டுப்புறப் பனிச்சறுக்கு, உயர்ந்த மேடையிலிருந்து பாயும் பனிச்சறுக்குத் தாண்டல், பனிச்சறுக்கையும் துப்பாக்கி சுடுதலையும் இணைக்கும் பயத்லான், ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டிங் முதலியன.

பனிக்கட்டி அரங்குகளில் நடைபெறுவன: விரைவுச் சறுக்கல், இசைக்கு ஏற்ப ஆடும் கலைநயச் சறுக்கல் (ஃபிகர் ஸ்கேட்டிங்), ஐஸ் ஹாக்கி, கற்களை இலக்கு நோக்கி நகர்த்தும் கர்லிங் என்பன.

வளைந்து செல்லும் பனிக்கட்டித் தடத்தில் நடைபெறுவன: பாப்ஸ்லெட், லூஜ், ஸ்கெலிட்டன் ஆகிய சறுக்குவண்டிப் போட்டிகள். லூஜில் வீரர் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டியபடி இறங்குகின்றார். ஸ்கெலிட்டனில் குப்புறப் படுத்து, தலை முன்னே செல்லுமாறு இறங்குகின்றார். பாப்ஸ்லெட்டில் வீரர்கள் வண்டியினுள் அமர்ந்து செல்கின்றனர்.

வரலாறு

முன்னோடிகள்

தற்கால ஒலிம்பிக் இயக்கம் 1896 இல் ஏதென்ஸில் தொடங்கியபோது குளிர்கால விளையாட்டுகளுக்கு அதில் இடமிருக்கவில்லை. 1901 இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 'நோர்டிக் விளையாட்டுகள்' என்னும் குளிர்கால விழா தொடங்கப்பட்டது. இதற்கு முன்னின்று உழைத்த விக்டர் பால்க், பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவர். 1908 ஆம் ஆண்டு இலண்டன் கோடைக்கால ஒலிம்பிக்கில் கலைநயச் சறுக்கல் சேர்க்கப்பட்டது. 1920 ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் போட்டிகளில் அதனோடு ஐஸ் ஹாக்கியும் இடம்பெற்றது.

குளிர்கால விளையாட்டுகளுக்குத் தனி வாரம் ஒன்றை ஒதுக்க வேண்டும் என்று இத்தாலிய உறுப்பினரான யூஜெனியோ புரூனெட்டா தூசோ 1911 இல் முன்மொழிந்தார். ஆனால் 1912 ஆம் ஆண்டுப் போட்டிகளை நடத்திய சுவீடன் இதனை ஏற்கவில்லை. தங்களுடைய நோர்டிக் விளையாட்டுகளின் சிறப்பு குன்றிவிடும் என்று அந்நாட்டினர் அஞ்சியதே இதற்குக் காரணம். பனிச்சறுக்கில் மிகுந்த தேர்ச்சியுடைய வடக்கு ஐரோப்பிய நாடுகளே குளிர்கால ஒலிம்பிக்கை முதலில் எதிர்த்தன என்பது குறிப்பிடத்தக்கது. 1916 இல் பெர்லின் ஒலிம்பிக்கையொட்டி குளிர்காலப் போட்டிகளை நடத்தத் திட்டமிடப்பட்டிருந்தது. முதல் உலகப் போரால் அது கைவிடப்பட்டது.

சாமொனி 1924

1924 ஆம் ஆண்டுக் கோடைக்கால ஒலிம்பிக்கை பாரிஸ் நடத்தியது. அதற்கு முன்னதாக, மோன் பிளாங்க் மலையடிவாரத்தில் உள்ள சாமொனியில் 'பன்னாட்டுக் குளிர்கால விளையாட்டு வாரம்' ஒன்று நடைபெற்றது. வடக்கு நாடுகளின் எதிர்ப்பைக் கருத்திற்கொண்டு அதற்கு ஒலிம்பிக் என்ற பெயர் சூட்டப்படவில்லை. அது பெற்ற வெற்றியைத் தொடர்ந்து, குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளைத் தனியே நடத்துவதென முடிவாகியது. சாமொனி வாரமும் பின்னாளில் முதலாவது குளிர்கால ஒலிம்பிக்காக ஏற்கப்பட்டது.

முதல் தங்கப் பதக்கத்தை 500 மீட்டர் விரைவுச் சறுக்கலில் ஐக்கிய அமெரிக்காவின் சார்லஸ் ஜூட்ரா வென்றார். கலைநயச் சறுக்கலில் பங்கேற்ற நார்வே சிறுமி சோனியா ஹெனிக்கு அப்போது 11 வயது. அவர் கடைசி இடத்தையே பெற்றாலும், அடுத்து வந்த மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்றார்.

பனிச்சறுக்குத் தாண்டலில் நார்வேயின் தோர்லெய்ஃப் ஹாக்குக்கு வெண்கலப் பதக்கம் அளிக்கப்பட்டது. புள்ளிகளைக் கணக்கிட்டதில் பிழை நேர்ந்திருந்தது அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே தெரியவந்தது. ஹாக் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். 1974 இல் அவருடைய மகள் அப்பதக்கத்தை அதற்குரியவரான ஐக்கிய அமெரிக்காவின் ஆண்டர்ஸ் ஹாகனிடம் ஒப்படைத்தார்.

1928 முதல் 1936 வரை

1928 இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரம் போட்டிகளை நடத்தியது. திடீரென வெப்பம் உயர்ந்து பனிக்கட்டி உருகியதால் 10,000 மீட்டர் விரைவுச் சறுக்கல் போட்டி கைவிடப்பட்டது. வானிலையை நம்பி நடத்தப்படும் இவ்விழாவின் அடிப்படைச் சிக்கல் இரண்டாவது போட்டியிலேயே வெளிப்பட்டுவிட்டது.

1932 இல் ஐக்கிய அமெரிக்காவின் லேக் பிளாசிட் என்னும் சிற்றூரில் போட்டிகள் நடந்தன. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலமாதலால் 17 நாடுகளே கலந்துகொண்டன. 1920 இல் குத்துச்சண்டையில் தங்கம் வென்றிருந்த எடி ஈகன், இங்கு பாப்ஸ்லெட் அணியில் இடம்பெற்று மீண்டும் தங்கம் வென்றார்.

1936 ஆம் ஆண்டுப் போட்டிகள் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்கனில் நடைபெற்றன. அதே ஆண்டில் பெர்லினில் கோடைக்காலப் போட்டிகளும் நடந்தன. இரண்டையும் நாசி அரசு தன் பரப்புரைக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஊரில் வைக்கப்பட்டிருந்த யூத எதிர்ப்பு அறிவிப்புப் பலகைகள், ஒலிம்பிக் குழுவின் வற்புறுத்தலால் போட்டிகளின்போது மட்டும் அகற்றப்பட்டன. ஆல்ப்பைன் பனிச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது இங்குதான்.

போரும் அதன் பின்னரும்

1940 ஆம் ஆண்டுப் போட்டிகள் ஜப்பானின் சப்போரோவுக்கு வழங்கப்பட்டிருந்தன. சீனாவுடனான போரை முன்னிட்டு ஜப்பான் 1938 இல் அவ்வுரிமையைத் திருப்பியளித்தது. பின்னர் செயின்ட் மோரிட்ஸ், கார்மிஷ் ஆகிய இடங்கள் கருதப்பட்டும், இரண்டாம் உலகப் போர் தொடங்கியதால் போட்டிகள் நடைபெறவில்லை. இத்தாலியின் கோர்த்தினா தம்பெட்சோவுக்கு வழங்கப்பட்ட 1944 ஆம் ஆண்டுப் போட்டிகளும் இவ்வாறே கைவிடப்பட்டன.

போருக்குப் பின் 1948 இல், நடுநிலை வகித்ததால் அழிவிலிருந்து தப்பிய சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் மீண்டும் போட்டிகளை நடத்தியது. ஜெர்மனியும் ஜப்பானும் அழைக்கப்படவில்லை. 1952 இல் ஒஸ்லோவில் நடந்த போட்டிகளுக்கான சுடர், தற்காலப் பனிச்சறுக்கின் முன்னோடியாகக் கருதப்படும் சோந்ரே நூர்ஹைம் வாழ்ந்த வீட்டின் அடுப்பில் ஏற்றப்பட்டது. 1956 இல் கோர்த்தினா தம்பெட்சோவில் சோவியத் ஒன்றியம் முதன்முறையாகப் பங்கேற்றுப் பதக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பப்பட்ட முதல் குளிர்கால ஒலிம்பிக்கும் இதுவே.

விரிவடைதல்

1960 ஆம் ஆண்டுப் போட்டிகள் கலிபோர்னியாவின் ஸ்குவா பள்ளத்தாக்கில் நடைபெற்றன. உரிமை வழங்கப்பட்டபோது அங்கு தேவையான வசதிகள் பெரும்பாலும் இருக்கவில்லை; ஏறத்தாழ அனைத்தையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. சில அணிகளுக்காக மட்டும் பாப்ஸ்லெட் தடம் அமைப்பது வீண் செலவு எனக் கருதிய அமைப்பாளர்கள் அதனை மறுத்தனர். இதனால் அவ்வாண்டு பாப்ஸ்லெட் இடம்பெறவில்லை.

1964 இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரம் கடும் பனிப் பற்றாக்குறையைச் சந்தித்தது. ஆஸ்திரிய இராணுவத்தினர் 20,000 பனிக்கட்டிப் பாளங்களையும் 40,000 கன மீட்டர் பனியையும் உயர்ந்த மலைகளிலிருந்து கொண்டுவந்து தடங்களை அமைத்தனர். பயிற்சியின்போது பிரித்தானிய லூஜ் வீரர் ஒருவரும் ஆஸ்திரேலியப் பனிச்சறுக்கு வீரர் ஒருவரும் உயிரிழந்தனர்.

1968 இல் பிரான்ஸின் கிரெனோபில் போட்டிகளை நடத்தியது. 1972 இல் சப்போரோவில் நடந்த போட்டிகள் ஆசியாவில் நடைபெற்ற முதலாவது குளிர்கால ஒலிம்பிக்காகும். 1980 இல் லேக் பிளாசிட் இரண்டாம் முறையாகப் போட்டிகளை நடத்தியபோது, செயற்கைப் பனி முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. அங்கு ஐக்கிய அமெரிக்காவின் எரிக் ஹைடன் விரைவுச் சறுக்கலின் ஐந்து பிரிவுகளிலும் தங்கம் வென்றார். கல்லூரி மாணவர்களை மிகுதியாகக் கொண்ட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி, வலிமைமிக்க சோவியத் அணியைத் தோற்கடித்ததும் அப்போதுதான்.

போட்டிகளின் வளர்ச்சிக்குத் தொலைக்காட்சி வருவாய் முதன்மைக் காரணமாகும். 1960 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒளிபரப்பு உரிமைக்காக 50,000 டாலர் செலுத்தப்பட்டது. 1988 ஆம் ஆண்டுக் கால்கரி போட்டிகளுக்கு இத்தொகை 30.9 கோடி டாலராக உயர்ந்தது. அவ்வாண்டு முதல் போட்டிகள் 12 நாட்களிலிருந்து 16 நாட்களாக நீட்டிக்கப்பட்டன. ஒரே ஆண்டில் இரண்டு பெரும் விழாக்களுக்கு ஒளிபரப்பாளர்களும் விளம்பரதாரர்களும் செலவிடுவது கடினம் என்பதும், கோடைக்காலப் போட்டிகளையும் குளிர்காலப் போட்டிகளையும் வெவ்வேறு ஆண்டுகளுக்குப் பிரித்ததன் காரணங்களுள் ஒன்று. இம்முடிவு 1986 இல் எடுக்கப்பட்டது. அதன்படி 1992 ஆல்பெர்வில் போட்டிகளுக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1994 இல் நார்வேயின் லில்லகாமர் போட்டிகள் நடைபெற்றன.

போட்டிகளை நடத்துதல்

இடத்திற்கான தேவைகள்

கோடைக்கால ஒலிம்பிக்கைப் பெருநகரம் ஒன்று தன் எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் நடத்திவிட முடியும். குளிர்கால ஒலிம்பிக்கில் அவ்வாறு இயலாது. ஆடவர் விரைவிறக்கப் பனிச்சறுக்குக்குத் தொடக்கப் புள்ளிக்கும் முடிவுப் புள்ளிக்கும் இடையே பொதுவாகக் குறைந்தது 800 மீட்டர் உயர வேறுபாடு தேவைப்படுகின்றது. இத்தகைய சரிவுள்ள மலைகள் பெரும்பாலும் நகரங்களிலிருந்து தொலைவில் உள்ளன. எனவே பனிக்கட்டி அரங்குகள் நகரத்திலும், பனிச்சறுக்குக் களங்கள் மலையிலும் அமைகின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் அமைப்பதே செலவின் பெரும்பகுதியாகிவிடுகின்றது.

மற்றொரு பெருஞ்செலவு சறுக்குவண்டித் தடமாகும். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கற்காரைத் தடத்தினுள் குளிரூட்டும் குழாய்கள் பதிக்கப்பட்டு, அதன் மேல் பனிக்கட்டி உருவாக்கப்படுகின்றது. இதனைப் பயன்படுத்தும் வீரர்களின் எண்ணிக்கை உலகளவில் மிகக் குறைவு. போட்டிகள் முடிந்த பின் இதனைப் பராமரிப்பது பல நகரங்களுக்குச் சுமையாகியுள்ளது. 2006 தூரின் போட்டிகளுக்காக செசானாவில் கட்டப்பட்ட தடம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. 2026 ஆம் ஆண்டுப் போட்டிகளுக்காக இத்தாலி கோர்த்தினாவில் புதிய தடம் ஒன்றைக் கட்ட முடிவு செய்தபோது, அண்டை நாடுகளில் ஏற்கெனவே உள்ள தடங்களைப் பயன்படுத்தலாமே என்ற எதிர்ப்பு எழுந்தது.

தேர்வு முறை

நெடுங்காலமாக, போட்டிகளுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே போட்டியிடும் நகரங்களுள் ஒன்றைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர்கள் இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுத்து வந்தனர். 2002 ஆம் ஆண்டுப் போட்டிகளை ஐக்கிய அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி பெற்றதில், உறுப்பினர்கள் சிலருக்குப் பணமும் பரிசுகளும் அவர்களின் குடும்பத்தினருக்குக் கல்வி உதவிகளும் வழங்கப்பட்டமை 1998 இறுதியில் வெளிவந்தது. இதையடுத்து உறுப்பினர்கள் பலர் நீக்கப்பட்டனர் அல்லது பதவி விலகினர். போட்டியிடும் நகரங்களுக்கு உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் சென்று பார்வையிடுவதும் தடை செய்யப்பட்டது.

2019 இல் தேர்வு முறை மீண்டும் மாற்றப்பட்டது. இதன்படி ஆர்வமுள்ள இடங்களோடு ஓர் ஆணையம் தொடர்ந்து கலந்துரையாடி, பொருத்தமானதைப் பரிந்துரைக்கின்றது. உறுப்பினர்கள் அதனை வாக்கெடுப்பில் ஏற்கின்றனர். ஒரே நகரம் என்ற கட்டுப்பாடும் தளர்த்தப்பட்டு, பல நகரங்களோ மாநிலங்களோ இணைந்து நடத்தலாம் எனவும், ஏற்கெனவே உள்ள அரங்குகளைப் பயன்படுத்த வேண்டும் எனவும் வலியுறுத்தப்படுகின்றது.

மக்களின் மறுப்பு

போட்டிகளை நடத்தும் உரிமையைப் பெற்ற பின் அதனைத் திருப்பியளித்த நகரம் ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் ஆகும். 1976 ஆம் ஆண்டுப் போட்டிகள் 1970 இல் அந்நகரத்திற்கு வழங்கப்பட்டன. ஆனால் செலவும் மலைப்பகுதிகளின் சுற்றுச்சூழல் பாதிப்பும் குறித்து எதிர்ப்பு வலுத்தது. 1972 நவம்பரில் கொலராடோ மாநில வாக்காளர்கள் இதற்குப் பொதுநிதி வழங்குவதை மறுத்து வாக்களித்தனர். பின்னர், 1964 ஆம் ஆண்டின் அரங்குகளைக் கைவசம் வைத்திருந்த இன்ஸ்புருக் அப்போட்டிகளை ஏற்று நடத்தியது.

இத்தகைய மறுப்பு 21 ஆம் நூற்றாண்டில் பரவலாகியது. 2022 ஆம் ஆண்டுப் போட்டிகளுக்கு விண்ணப்பிக்க எண்ணிய மியூனிக், 2013 இல் நடந்த பொது வாக்கெடுப்பின் பின் விலகியது. போலந்தின் கிராக்கோவ் நகர மக்களும் 2014 இல் எதிர்த்து வாக்களித்தனர். ஸ்டாக்ஹோமும் ஒஸ்லோவும் அரசியல் ஆதரவின்மையால் விலகின. போர்ச்சூழலால் உக்ரைனின் லிவீவ் விலகியது. இறுதியில் பெய்ஜிங்கும் கசக்ஸ்தானின் அல்மாத்தியும் மட்டுமே எஞ்சின. 2015 இல் கோலாலம்பூரில் நடந்த வாக்கெடுப்பில் பெய்ஜிங் 44 வாக்குகளும் அல்மாத்தி 40 வாக்குகளும் பெற்றன.

2026 ஆம் ஆண்டுக்கான போட்டியிலிருந்தும் ஆஸ்திரியாவின் தைரோல், சுவிட்சர்லாந்தின் சியோன், கனடாவின் கால்கரி ஆகியன பொது வாக்கெடுப்புகளுக்குப் பின் விலகின. இவற்றுள் இன்ஸ்புருக்கைத் தலைநகராகக் கொண்ட தைரோலும் கால்கரியும் முன்னர் போட்டிகளை வெற்றிகரமாக நடத்திய இடங்கள் என்பது கவனிக்கத்தக்கது. 2019 இல் மிலானோ-கோர்த்தினா 47 வாக்குகள் பெற்று, ஸ்டாக்ஹோம்-ஓரே இணையை (34 வாக்குகள்) வென்றது.

செலவு

2014 இல் உருசியாவின் சோச்சியில் நடந்த போட்டிகளுக்கு 5,000 கோடி டாலருக்கும் மேல் செலவானதாக அறிவிக்கப்பட்டது. இத்தொகையின் பெரும்பகுதி அரங்குகளுக்கன்றி, கருங்கடற்கரையையும் கிராஸ்னயா பொல்யானா மலைப்பகுதியையும் இணைக்கும் சாலை, இருப்புப் பாதை முதலிய உள்கட்டமைப்புகளுக்குச் சென்றது. எனினும் அடுத்து வந்த ஆண்டுகளில் பல நகரங்களின் மக்கள் தயங்கியமைக்கு இந்த எண் ஒரு முக்கிய காரணமாயிற்று. அப்போட்டிகளில் உருசிய அரசின் துணையோடு ஊக்கமருந்துச் சோதனை மாதிரிகள் மாற்றப்பட்டமை பின்னர் தெரியவந்தது. இதனால் 2018 இல் உருசிய வீரர்கள் தம் நாட்டுக் கொடியின்றியே பங்கேற்க வேண்டியிருந்தது.

போட்டிகளுக்குப் பின்

சாரயேவோ

1984 ஆம் ஆண்டுப் போட்டிகளை அன்றைய யுகோசுலாவியாவின் சாரயேவோ நகரம் நடத்தியது. சோசலிச நாடொன்றில் நடைபெற்ற முதலாவது குளிர்கால ஒலிம்பிக் இதுவாகும். சேத்ரா அரங்கில் பிரித்தானியாவின் ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் இணை ஆடிய பனிநடனம் இன்றும் நினைவுகூரப்படுகின்றது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1992 இல் பொசுனியப் போர் மூண்டது. சாரயேவோ 1996 வரை முற்றுகையிடப்பட்டிருந்தது. நகரைச் சூழ்ந்த ஒலிம்பிக் மலைகள் போர்க்களங்களாயின. திரேபெவிச் மலையில் இருந்த பாப்ஸ்லெட் தடம் பீரங்கித் தளமாகப் பயன்படுத்தப்பட்டது. சேத்ரா அரங்கு குண்டுவீச்சில் அழிந்தது. இறந்தோரைப் புதைக்க இடம் போதாமையால், ஒலிம்பிக் வளாகத்தை அடுத்த நிலம் இடுகாடாக்கப்பட்டது. 1994 இல் லில்லகாமர் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோது, ஒலிம்பிக் குழுவின் தலைவர் சமராஞ்ச் முற்றுகையிடப்பட்ட சாரயேவோவுக்கு நேரில் சென்றார். சேத்ரா அரங்கு பின்னர் மீளக் கட்டப்பட்டு 1999 இல் திறக்கப்பட்டது. பாப்ஸ்லெட் தடம் சுவரோவியங்கள் நிறைந்த கற்காரை இடிபாடாக இன்றும் காட்டினுள் உள்ளது.

லில்லகாமர்

சில பத்தாயிரம் மக்களே வாழும் லில்லகாமரில் 1994 இல் நடந்த போட்டிகள் சுற்றுச்சூழல் அக்கறைக்கு முன்மாதிரியாகக் கூறப்படுகின்றன. ஹாமர் ஊரில் கட்டப்பட்ட விரைவுச் சறுக்கல் அரங்கின் அமைவிடம், அருகிலிருந்த பறவைகள் சரணாலயம் பாதிக்கப்படாதவாறு மாற்றப்பட்டது. யோவிக் நகரில் ஐஸ் ஹாக்கி அரங்கு மலையைக் குடைந்து உள்ளே அமைக்கப்பட்டது. 2016 இல் இளையோர் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் லில்லகாமரில் நடந்தபோது இவ்வரங்குகள் மீண்டும் பயன்பட்டன.

பிற இடங்கள்

1980 இல் லேக் பிளாசிட் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட வீரர்கள் குடியிருப்பு, முன்னரே திட்டமிட்டபடி பின்னர் சிறைச்சாலையாக்கப்பட்டது. 2018 இல் தென் கொரியாவின் பியோங்சாங்கில் 35,000 பேர் அமரக்கூடிய தொடக்கவிழா அரங்கு தற்காலிகமாகவே கட்டப்பட்டுப் பின்னர் பிரிக்கப்பட்டது. அங்கு ஆல்ப்பைன் பனிச்சறுக்குத் தடத்துக்காக காரிவாங் மலையின் பழைமையான காட்டில் மரங்கள் வெட்டப்பட்டமை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பெய்ஜிங், 2008 கோடைக்கால ஒலிம்பிக்கிற்காகக் கட்டிய நீச்சல் அரங்கினை 2022 இல் கர்லிங் அரங்காக மாற்றிப் பயன்படுத்தியது. இரு ஒலிம்பிக் போட்டிகளையும் நடத்திய முதல் நகரம் பெய்ஜிங்கே.

பங்கேற்பும் சமமின்மையும்

நார்வே 2022 வரையான குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் மிகுதியான பதக்கங்களை வென்ற நாடாகும். குளிர் நாடுகளும் செல்வ நாடுகளுமே பதக்கப் பட்டியலில் மேலோங்கி நிற்கின்றன. வெப்ப நாடுகளின் வீரர்கள் குறைந்த எண்ணிக்கையிலேயே பங்கேற்கின்றனர். 1988 இல் கால்கரியில் கலந்துகொண்ட ஜமைக்கா பாப்ஸ்லெட் அணி இவர்களுள் புகழ்பெற்றது. சிங்கப்பூரும் மலேசியாவும் 2018 இல் முதன்முறையாகப் பங்கேற்றன.

இந்தியாவின் சார்பில் முதன்முதலில் பங்கேற்றவர் ஜெரெமி புஜாகோவ்ஸ்கி. அவர் 1964 இல் இன்ஸ்புருக்கில் ஆல்ப்பைன் பனிச்சறுக்கில் போட்டியிட்டார். மணாலிக்கு அருகே வளர்ந்த லூஜ் வீரர் சிவ கேசவன் 1998 முதல் 2018 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். லூஜ் தடம் இல்லாத நாட்டில், சக்கரங்கள் பொருத்திய வண்டியில் இமயமலைச் சாலைகளில் இறங்கி அவர் பயிற்சி செய்தார். 2014 இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால், அவர் தேசியக் கொடிக்குப் பதிலாக ஒலிம்பிக் கொடியின் கீழ் போட்டியிட நேர்ந்தது. அவருடைய போட்டி முடிந்த பின், பெப்ரவரி 11 அன்று இடைநீக்கம் விலக்கப்பட்டது. 2022 இல் இந்தியாவின் ஒரே பிரதிநிதியாகக் காஷ்மீரைச் சேர்ந்த ஆரிஃப் கான் கலந்துகொண்டார். 2022 வரை இந்தியா குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கம் எதுவும் பெறவில்லை.

காலநிலை மாற்றம்

புவி வெப்பமடைதல் இப்போட்டிகளின் எதிர்காலத்தையே கேள்விக்குள்ளாக்கியுள்ளது. 2010 இல் வான்கூவர் போட்டிகளின்போது சைப்ரஸ் மலையில் பனி போதாமையால், சரக்குந்துகளிலும் உலங்கு வானூர்திகளிலும் பனி கொண்டுவரப்பட்டது. சோச்சியில் முந்தைய குளிர்காலத்தின் பனி மூடிப் பாதுகாக்கப்பட்டு வைக்கப்பட்டிருந்தது. 2022 இல் பெய்ஜிங்கை அடுத்த மலைகளில் இயற்கைப் பனி மிகக் குறைவு. ஆகவே ஏறத்தாழ முழுவதும் செயற்கைப் பனியிலேயே போட்டிகள் நடத்தப்பட்டன.

செயற்கைப் பனி என்பது குளிர்ந்த காற்றில் நுண்துளிகளாக நீரைப் பீய்ச்சி உறையச் செய்வதாகும். இதற்கு மிகுந்த நீரும் மின்சாரமும் தேவைப்படுகின்றன. மேலும், காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு அருகிலோ அதற்குக் கீழோ இல்லாதபோது வழக்கமான பனிப்பீய்ச்சிகள் பயன்படா. ஆகவே செயற்கைப் பனியும் வெப்பமடைதலுக்கு முழுமையான தீர்வாகாது. இயற்கைப் பனியைவிட இது இறுக்கமானது என்பதால், விழும் வீரர்களுக்குக் காயம் கடுமையாக ஏற்படுகின்றது என்ற கவலையும் உண்டு.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்காட் தலைமையிலான ஆய்வாளர்கள் முன்னர் போட்டிகள் நடந்த இடங்களை ஆராய்ந்தனர். 1920கள் முதல் 1950கள் வரை போட்டி நடந்த இடங்களில் பெப்ரவரி மாதப் பகல்நேர வெப்பநிலை சராசரியாக 0.4 பாகை செல்சியசாக இருந்தது. 21 ஆம் நூற்றாண்டின் போட்டிகளில் அது 6.3 பாகையாக உயர்ந்துள்ளது. பசுமையில்ல வளிமங்களின் வெளியேற்றம் மிகுதியாகவே தொடர்ந்தால், இந்நூற்றாண்டின் இறுதியில் 21 இடங்களுள் சப்போரோ ஒன்று மட்டுமே நம்பத்தக்க வகையில் போட்டிகளை நடத்தக்கூடியதாக இருக்கும் என அவர்கள் 2022 இல் மதிப்பிட்டனர். அந்தச் சப்போரோவும் 2030 ஆம் ஆண்டுப் போட்டிகளுக்கான முயற்சியை 2023 இல் கைவிட்டது.

2024 சூலையில் பாரிஸில் நடந்த கூட்டத்தில், 2030 ஆம் ஆண்டுப் போட்டிகள் பிரெஞ்சு ஆல்ப்ஸ் பகுதிக்கும், 2034 ஆம் ஆண்டுப் போட்டிகள் சால்ட் லேக் சிட்டி அமைந்துள்ள யூட்டா மாநிலத்திற்கும் வழங்கப்பட்டன. போதிய பனியும் அரங்குகளும் உள்ள சில இடங்களிலேயே போட்டிகளைச் சுழற்சி முறையில் நடத்தலாம் என்ற கருத்தும் ஒலிம்பிக் குழுவில் ஆராயப்பட்டு வந்துள்ளது.

போட்டிகளை நடத்திய இடங்கள்

1924 – சாமொனி, பிரான்ஸ்
1928 – செயின்ட் மோரிட்ஸ், சுவிட்சர்லாந்து
1932 – லேக் பிளாசிட், ஐக்கிய அமெரிக்கா
1936 – கார்மிஷ்-பார்ட்டன்கிர்கன், ஜெர்மனி
1940, 1944 – நடைபெறவில்லை
1948 – செயின்ட் மோரிட்ஸ், சுவிட்சர்லாந்து
1952 – ஒஸ்லோ, நார்வே
1956 – கோர்த்தினா தம்பெட்சோ, இத்தாலி
1960 – ஸ்குவா பள்ளத்தாக்கு, ஐக்கிய அமெரிக்கா
1964 – இன்ஸ்புருக், ஆஸ்திரியா
1968 – கிரெனோபில், பிரான்ஸ்
1972 – சப்போரோ, ஜப்பான்
1976 – இன்ஸ்புருக், ஆஸ்திரியா
1980 – லேக் பிளாசிட், ஐக்கிய அமெரிக்கா
1984 – சாரயேவோ, யுகோசுலாவியா
1988 – கால்கரி, கனடா
1992 – ஆல்பெர்வில், பிரான்ஸ்
1994 – லில்லகாமர், நார்வே
1998 – நகானோ, ஜப்பான்
2002 – சால்ட் லேக் சிட்டி, ஐக்கிய அமெரிக்கா
2006 – தூரின், இத்தாலி
2010 – வான்கூவர், கனடா
2014 – சோச்சி, உருசியா
2018 – பியோங்சாங், தென் கொரியா
2022 – பெய்ஜிங், சீனா